தோணியில் நிற்பவர்

சுற்றுலாப் பிரசுரங்களில் திரும்பத் திரும்ப வரும் படம் இது. போட்ஸ்வானாவின் ஒக்கவாங்கோ டெல்டா. அல்லிகளுக்கிடையே ஒரு மொகோரோ, அதாவது ஒற்றை மரத்தைக் குடைந்த ஒல்லித் தோணி. முன்னால் இரண்டு வெள்ளைக்காரர்கள் உட்கார்ந்திருக்க, பின்னால் ஒரு கறுப்பர் நின்றபடி கழி ஊன்றுகிறார். 'மனிதக் கால் படாத இயற்கை' என்பதுதான் இந்தப் படம் கட்டமைக்கும் கதையாடல். அப்ப பின்னால நிக்கிறவரு யாரு?

மொகோரோவை இந்தச் சதுப்புக்குக் கொண்டுவந்தவர்கள் பயெய் மக்கள். 18ஆம் நூற்றாண்டு வாக்கில் வடக்கிலிருந்து வந்தவர்கள். அங்கோலா மேட்டில் பெய்த மழை இங்கே வெள்ளமாக வந்துசேர மாதக்கணக்கில் ஆகும். உள்ளூரில் மழையில்லாத ஜூன், ஜூலையில்தான் டெல்டா நிரம்புகிறது. வருஷத்துக்கு வருஷம் நீர்வழி மாறும். எந்த நாணலுக்குப் பின்னால் வழி, எங்கே நீர்யானை என்பது கழி ஊன்றுகிறவரின் உடம்பில் இருக்கும் அறிவு. ஆனால் 2014இல் யுனெஸ்கோவின் ஆயிரமாவது உலக மரபிடமாக இது அறிவிக்கப்பட்டபோது, பட்டியலேறியது 'இயற்கை' என்ற வகையில். பண்பாடு என்று அல்ல.

இந்த அழிப்பு வெள்ளைக்காரப் பார்வையோடு முடிவதில்லை. ட்ஸ்வானா வழிவந்த படவானா ஆட்சியில் பயெய்கள் அடிமைகளாக நடத்தப்பட்டார்கள். 'மகோபா' என்று அவர்களுக்கு ஒரு பெயரும் சூட்டப்பட்டது. சுதந்திர நாட்டின் அரசியல் சட்டம் எட்டு ட்ஸ்வானா குலங்களைத்தான் பெயர் சொல்லி அங்கீகரித்தது. 1995இல் தொடங்கிய கமனகாவோ சங்கம் வழக்குப் போட்டது. தலைவர் பதவிச் சட்டம் பாரபட்சமானது என்று 2001இல் உயர்நீதிமன்றம் சொன்னது. தோணி எல்லாருக்கும் வேணும், தோணிக்காரன் பேரு யாருக்கும் வேணாம்.

இங்கே என்னையும் விசாரிக்க வேண்டியிருக்கிறது. இன்று சுற்றுலாவில் ஓடுபவற்றில் பல ஃபைபர்கிளாஸ் மொகோரோக்கள். முதிர்ந்த பெரிய மரங்களை வெட்டாமலிருக்க வந்த மாற்று. அந்தப் படத்தைப் பார்த்ததும் 'அடச்சே, போலி' என்றுதான் தோன்றியது. யோசித்தால், அது அந்த முன்னிருக்கையில் உட்கார்ந்தவனின் ஏமாற்றம். பாரம்பரியம் என்ற சொல்லால் அடுத்தவர் வாழ்க்கையை உறையவைத்து ரசிப்பதும் ஒரு அதிகாரம்தான். கழி ஊன்றும் வித்தை மரத்தோடு போய்விடவில்லை.

அதற்காக ஃபைபர்கிளாஸைக் கொண்டாடவும் முடியாது. மரத்தோணியை ஊரிலேயே குடைந்துகொள்ளலாம். இதைக் காசு கொடுத்துத்தான் வாங்கணும். செய்பவர் கையிலிருந்த ஒன்று சந்தைக்குப் போய்விடுகிறது. ஆகவே அசலா போலியா என்பது பார்வையாளனின் கேள்வி. தோணி யாருடையது, வழியை யார் தீர்மானிக்கிறார், கூலியில் எவ்வளவு அவர் கைக்கு வருகிறது என்பவை நிற்பவரின் கேள்விகள். நம் சூழலியல் பேச்சு இன்னும் உட்கார்ந்தேதான் இருக்கிறது.