இரவல் பிரேக்

கல்லட்டி மலைப்பாதையில் காரில் இறங்கியவர்களுக்கு ஒரு வாசனை ஞாபகம் இருக்கும். யூகலிப்டஸ் வாசனையைச் சொல்லவில்லை. அது மேலே தலைக்குந்தாவோடு முடிந்துவிடும். நான் சொல்வது பாதி மலையில் ஆரம்பிக்கிற கருகல் வாசனை. முன்னால் போகிற லாரியிலிருந்து வருகிறது என்று முதலில் நினைப்போம். அடுத்த வளைவு திரும்பியதும்தான் தெரியும், முன்னால் லாரியே இல்லை.

சில வருடங்களுக்கு முன்பு அந்த வாசனையை முழுசாக அனுபவித்தேன். குன்னூர் நண்பர் ஒருவரின் கார். (பெயர் வேண்டாம். அவர் மனைவி இந்தப் பக்கத்தைப் படிக்கிறவர்.) நண்பரும் நானும் முன்னால், அவருடைய பன்னிரண்டு வயது மகள் பின்னால். ஊட்டியிலிருந்து கல்லட்டி வழியாக மசினகுடிக்குப் போகிறோம்.

கார், இரண்டு கதவு ஸ்டாண்டர்ட் ஹெரால்ட். 1961 முதல் பத்து வருடம் சென்னையில் தயாரான வண்டி. இங்கிலாந்து டிரையம்ப் ஹெரால்டின் நம்ம ஊர் அவதாரம். இன்றைய இளைஞர்களுக்கு அது தாத்தா கார். ஆனால் சோழவரம் ரேஸ் பார்த்த தலைமுறையிடம் கேட்டுப் பாருங்கள், கண்ணில் ஒரு பளபளப்பு வரும். தவிர, அதற்கு ஒரு ஸ்டைலான தம்பி உண்டு. 1962-ல் வந்த டிரையம்ப் ஸ்பிட்ஃபயர். ஹெரால்டின் சேஸிஸைக் கொஞ்சம் குட்டையாக்கி, மேலே ஒரு ஸ்போர்ட்ஸ் பாடியை உட்கார வைத்தார்கள். இரண்டையும் வரைந்தவர் மிகெலோட்டி என்கிற ஒரே இத்தாலியர். ஆகவே, ஹெரால்ட் வைத்திருக்கிற ஒவ்வொருவரும் மனசுக்குள் ஸ்போர்ட்ஸ் கார்தான் ஓட்டுகிறார்கள்.

நண்பர் ஒரு படி மேலே போய், முன் சக்கரங்களின் டிரம் பிரேக்கைக் கழற்றிவிட்டு, வேறொரு ஜப்பானியக் காரின் டிஸ்க் பிரேக்கை மாட்டியிருந்தார். என்ன கார் என்று சொல்லப் போவதில்லை. அந்த பிரேக் மேல் ஒரு தப்பும் இல்லை. அதன் சொந்தக் காரில் அது பிரமாதமாக வேலை செய்தது. காலிப்பருக்குச் சிவப்பு பெயின்ட் வேறு. "இனிமே கல்லட்டி நமக்கு ஜுஜுபி" என்றார்.

பாதி மலை தாண்டியதும் வாசனை. அப்புறம் பெடல் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே போக ஆரம்பித்தது. இரண்டு முறை மிதித்தால் பிடித்தது. பிறகு மூன்று முறை. பிறகு, எத்தனை முறை மிதித்தாலும் பஞ்சு மூட்டையை மிதிக்கிற மாதிரி இருந்தது. நண்பர் பேச்சை நிறுத்திவிட்டார். அதுதான் எனக்குப் பயம் தந்தது. கியரைத் தடதடவென்று குறைத்து, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, மலைப்பக்க ஓரத்து மண்ணில் உரசி வண்டியை நிறுத்தினார். பின்னால் இருந்த பெண், "ஏன்ப்பா இங்க நிறுத்துற?" என்றாள். இருவரும் பதில் சொல்லவில்லை.

கீழிருந்து ஏறி வந்த மசினகுடி ஜீப் டிரைவர் ஒருவர் இறங்கி வந்து சக்கரத்துக்குப் பக்கத்தில் கையைக் கொண்டு போய்விட்டு உடனே இழுத்துக்கொண்டார். "சார், அரை மணி நேரம் ஆற விடுங்க. பெடல் தானா வந்துடும். அப்புறம் செகண்ட் கியர்லயே இறங்குங்க. பிரேக்குல காலை வெச்சுக்கிட்டே வராதீங்க" என்றார். அவர் சொன்னபடியே, ஆறியதும் பெடல் வந்தது. அந்த அரை மணி நேரத்தில் நான் யோசித்ததுதான் இந்தக் கட்டுரை.

நான் படித்தது பி.காம். எஞ்சினீயரிங் எனக்கு எட்டாது. ஆனால் வரவு செலவு எட்டும். கல்லட்டியில் 36 கொண்டை ஊசி வளைவுகள். தலைக்குந்தாவிலிருந்து இறங்குகிற உயரத்தைக் குறைத்து ஆயிரம் மீட்டர் என்றே வைத்துக்கொள்வோம். ஆட்களோடு சேர்த்து காரின் எடை ஆயிரம் கிலோ. இந்தக் கணக்கில் வருகிற சக்தி சுமார் 2.7 யூனிட், நம் வீட்டு மின்சார மீட்டரில் ஓடுகிற அதே யூனிட். இரண்டு குடம் தண்ணீரைக் கொதிக்க வைக்கலாம். இன்னொரு விதமாகச் சொன்னால், நூறு கிலோமீட்டர் வேகத்தில் போகிற காரை 25 முறை அடுத்தடுத்து நிறுத்துவதற்குச் சமம்.

இந்தப் பாக்கியை யாராவது கட்டியாக வேண்டும். சின்ன கியரில் இறங்கினால் எஞ்சின் பெரும் பகுதியைக் கட்டிவிடும். பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் உருட்டினால், காற்றும் டயரும் தின்கிற கொஞ்சம் போக, எல்லாமே பிரேக்கின் தலையில் விழும். பிரேக் அதைச் சூடாக மாற்றி வாங்கிக்கொள்ளும். வாங்கி வைக்க இடம் இருக்கிற வரைக்கும்தான்.

இடம் போதாமல் போகும்போது என்ன ஆகிறது? நாம் பிரேக் ஆயில் என்று சொல்கிற திரவம் ஆயிலே இல்லை. அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் சுபாவம் உடையது. டாட் 3 வகை திரவம் புதுசாக இருக்கும்போது 205 டிகிரி வரை கொதிக்கக் கூடாது என்பது விதி. ஈரம் ஏறிவிட்டால் அந்த எல்லை 140 ஆக இறங்கிவிடுகிறது. கொதித்தால் ஆவி. திரவத்தை அமுக்க முடியாது, ஆவியை அமுக்கலாம். நாம் மிதிக்கிற மிதியெல்லாம் ஆவியை அமுக்குவதிலேயே செலவாகி, சக்கரத்துக்கு ஒன்றும் போய்ச் சேராது. ஆறினால் ஆவி மறுபடி திரவம். பெடல் திரும்பி வந்த ரகசியம் இதுதான். நண்பர் காலிப்பரை மாற்றினார், பெயின்ட் அடித்தார். ஆயிலை எப்போது மாற்றினார் என்று கேட்டேன். "அது... வாங்கினப்ப இருந்ததுதான்" என்றார்.

டிஸ்க் பிரேக் மோசம் என்று நான் சொல்லவில்லை. 1953 லீ மான்ஸ் ரேஸில் டன்லப் டிஸ்க் மாட்டிய ஜாகுவார் ஜெயித்த பிறகு, அதன் பெருமை ஊரறிந்த விஷயம். டிரம் சூடானால் விரிந்து ஷூவை விட்டு விலகும். டிஸ்க் அப்படி விலகாது, காற்றிலும் சீக்கிரம் ஆறும். டிஸ்க் மாட்ட ஆசைப்பட்டதில் தப்பில்லை.

அடுத்த கார் பாகத்தை எடுத்துப் போடுவதும் பாவமில்லை. ஸ்பிட்ஃபயரே அப்படிப் பிறந்ததுதானே? 1958-ல் வந்த ஆஸ்டின் ஹீலி ஸ்ப்ரைட்டின் முன் சஸ்பென்ஷன் ஆஸ்டின் ஏ35-லிருந்து, ஸ்டியரிங் மோரிஸ் மைனரிலிருந்து. உலகமே கொண்டாடுகிற லோட்டஸ் எலானின் முன் சக்கரத்தைத் தாங்குகிற பாகம் நம்ம ஹெரால்ட் குடும்பத்துச் சொத்து. ஸ்போர்ட்ஸ் கார் சரித்திரத்தின் பாதி, பக்கத்து வீட்டில் கடன் வாங்கிய சர்க்கரை.

ஆனால் அந்தக் கம்பெனிகள் கடன் வாங்கும்போது கணக்குப் போட்டார்கள். நம் ஆட்கள் போல்ட் ஓட்டை பொருந்துகிறதா என்று பார்க்கிறார்கள். பொருந்தாவிட்டால் ஒரு தகட்டை வெட்டி, துளை போட்டுப் பொருத்துகிறார்கள். வண்டியில் உட்கார்ந்துவிட்டால் வேலை முடிந்தது. என் புகார் இதன் மேல்தான்.

பெடலை மிதித்தால் மாஸ்டர் சிலிண்டர் ஓர் அளவு திரவத்தைத் தள்ளுகிறது. ஹெரால்டின் சின்ன டிரம்முக்கு அந்த அளவு போதும். பெரிய பிஸ்டன் உள்ள காலிப்பருக்கு அதே அளவைக் கொடுத்தால், டம்ளர் தண்ணீரை அண்டாவில் ஊற்றின கதை. பெடல் ஆழமாகப் போகும். மலையில் ஆயில் சூடாகும்போது, விட்டுக்கொடுக்க மிச்சம் ஆழமே இருக்காது. அமெரிக்காவில் டாட்சன் 240ஸெட் வைத்திருப்பவர்கள் டொயோட்டா பிக்கப் வண்டியின் காலிப்பரை மாட்டுவது வெகு பிரபலம். அவர்களில் விவரமானவர்கள் கூடவே மாஸ்டர் சிலிண்டரையும் பெரிதாக மாற்றுகிறார்கள். நம்மிடம் வந்து சேர்ந்தது காலிப்பர் பாதி மட்டும்.

அதேபோல் பழைய டிரம் பிரேக் கார்கள் பலவற்றில், குழாய்க்குள் எப்போதும் கொஞ்சம் அழுத்தம் நிற்கும்படி ஒரு வால்வு வைத்திருப்பார்கள். டிரம்முக்கு அது நல்லது. டிஸ்க்குக்கு மாறிய பிறகும் அது இருந்தால், காலை எடுத்த பின்னும் பேட் டிஸ்க்கை உரசிக்கொண்டே இருக்கும். மிதிக்காத பிரேக்கும் சூடாகும்.

முன்னும் பின்னும் பங்கு என்று ஒன்றும் இருக்கிறது. பிரேக் பிடித்தால் காரின் பாரம் முன்னால் சாய்கிறது. அதனால் முன் சக்கரத்துக்கு அதிகப் பங்கு, பின்னுக்குக் கம்மி. இதைக் கம்பெனி அளந்து வைத்திருக்கிறது. பின்னால் பெரிசாக எதையாவது மாட்டி, ஈர ரோட்டில் பின் சக்கரம் முதலில் லாக் ஆனால், கார் பின்பக்கமாகச் சுழன்று நீங்கள் வந்த வழியையே காட்டும். கல்லட்டியில் அந்தக் காட்சியை ரசிக்க அவகாசம் கிடைக்காது.

நண்பருக்கு நல்ல வழி ஒன்று குடும்பத்துக்குள்ளேயே இருந்தது. தம்பி ஸ்பிட்ஃபயருக்கு ஆரம்பத்திலிருந்தே முன்னால் 9 அங்குல டிஸ்க். 1966-ல் வந்த ஆறு சிலிண்டர் ஜி.டி.6-க்கு 9.7 அங்குலம். ஒரே ரத்தம். கணக்கை டிரையம்ப் எஞ்சினீயர்களே அப்போதே போட்டு முடித்துவிட்டார்கள். எந்த டிஸ்க்கோடு எந்த மாஸ்டர் சிலிண்டர் என்பது புத்தகத்தில் இருக்கிறது. வெளிநாட்டிலிருந்து வரவழைக்கக் காசும் பொறுமையும் வேண்டும், வாஸ்தவம். புதுப்பேட்டையில் ஒரு மத்தியானத்தில் கிடைக்காது.

சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்பீர்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் கம்பெனி சொன்னதிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. 2021-ல் ஐம்பது வருடம் தாண்டிய வின்டேஜ் வண்டிகளுக்குத் தனிப் பதிவு விதி வந்தபோது, சேஸிஸ், பாடி, எஞ்சினை மாற்றியிருக்கக் கூடாது என்றார்கள். "பிரேக்கைப் பத்தி ஒரு வரி கூட இல்லையே" என்று நண்பர் வக்கீல் பாயின்ட் எடுத்தார். வண்டிக்குக் கலர் மாற்றினால் ஆர்.சி.யில் எழுத வேண்டும். வண்டியை நிறுத்துகிற சாமானை மாற்றினால் கேட்க ஆளில்லை. பிறகு ஒருநாள் இன்ஷூரன்ஸ் சர்வேயர் வந்து கேட்கலாம். அது கேள்விக்கு நல்ல நேரம் அல்ல.

2018 அக்டோபரில் சென்னையிலிருந்து வந்த ஒரு கார் இதே பாதையில் பள்ளத்தில் விழுந்தது. இரண்டு நாள் கழித்துத்தான் கண்டுபிடித்தார்கள். ஏழு பேரில் ஐந்து பேர் இல்லை. அதன் பிறகு வெளி மாவட்ட வண்டிகள் இந்தப் பாதையில் இறங்கத் தடை வந்தது. அந்தக் காரின் பிரேக்கைப் பற்றி நான் எதுவும் சொல்ல வரவில்லை. கல்லட்டி எப்படிப்பட்ட இடம் என்பதைச் சொல்ல வந்தேன். நண்பர் உள்ளூர்க்காரர், அவரை யாரும் தடுக்க மாட்டார்கள். அவரேதான் தன்னைத் தடுத்துக்கொள்ள வேண்டும்.

"அப்ப பழைய டிரம்மையே திரும்ப மாட்டிடவா?" என்று கேட்டார், மசினகுடியில் டீ குடித்துக்கொண்டே. வேண்டாம் என்றேன். முதலில் ஆயிலை மாற்று, இரண்டு வருடத்துக்கு ஒருமுறை தவறாமல். ரப்பர் ஹோஸ்களைப் புதுசாக்கு. அந்தக் காலத்துக் காரில் ஒரே சர்க்யூட், ஒரு ஹோஸ் வெடித்தால் நாலு சக்கரமும் போச்சு. காலிப்பருக்கு ஏற்ற மாஸ்டர் சிலிண்டரை, தெரிந்தவரிடம் கணக்குக் கேட்டு மாட்டு. அதுவரை ஸ்கூலுக்கும் கடைக்கும் மட்டும் ஓட்டு. 1962-ல் டி.வி.எஸ்.ஸும் லூகாஸும் சேர்ந்து பிரேக்ஸ் இந்தியாவை ஆரம்பித்த மாநிலம் இது. பிரேக் கணக்குத் தெரிந்த ஆட்களுக்கு இங்கே பஞ்சமில்லை. போய்க் கேட்பதற்குத்தான் நமக்குக் கூச்சம்.

எட்டு மாதம் ஆனது அவருக்கு. பாதி நாள் வண்டி ஸ்டாண்டில்தான் நின்றது. அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மறுபடி மூவரும் இறங்கினோம், செகண்ட் கியரில், பின்னால் வந்த பைக்காரர்கள் ஹாரன் அடித்துத் திட்டத் திட்ட. மசினகுடி கடை வாசலில் நிறுத்தியதும் நண்பர் முதலில் செய்தது, குனிந்து முன் சக்கரத்துக்குப் பக்கத்தில் கையை வைத்துப் பார்த்ததுதான். ரொம்ப நேரம் கையை எடுக்கவே இல்லை. "டீ டம்ளர் சூடு கூட இல்லப்பா" என்றாள் அந்தப் பெண், அவளும் தொட்டுப் பார்த்துவிட்டு.

காலிப்பரில் சிவப்பு பெயின்ட் மட்டும் அப்படியே இருக்கிறது. இருந்துவிட்டுப் போகட்டும்.