பந்தாட்டமும் நடுவுநிலைமையும்

விளையாட்டில் வலிமை இருவகைப்படும். களத்தில் பந்தை உதைத்து வெல்லும் வலிமை ஒன்று. யார் களத்தில் இறங்கலாம், யார் இறங்கலாகாது என்று வகுக்கும் வலிமை மற்றொன்று. முன்னதைக் கண்டு மகிழ்கிறோம். பின்னது கூட்ட அறையில் நிகழ்வதாகலின் நம் கண்ணிற் படுவதில்லை. நம் நாட்டுக் காற்பந்து வரலாற்றை ஊன்றி நோக்குவார்க்குப் பின்னதே முன்னதை ஆட்டிவைத்து வந்திருப்பது புலனாகும்.

மலாயாக் கிண்ணப் போட்டி 1921 இல் தொடங்கிற்று. மலாயா என்னும் போர்க்கப்பலின் மாலுமிகள் அளித்த கிண்ணம் அது. வடபகுதி, தென்பகுதி எனப் பிரிந்து ஆடி, இரு பகுதியிலும் முதலில் நின்றோர் இறுதியாட்டத்தில் மோதும் வழக்கம் நெடுங்காலம் இருந்தது. 1967 இல் அது மலேசியக் கிண்ணமாயிற்று. 1979 இல் முறை மாறிற்று. அணிகளெல்லாம் லீக்கில் ஆட, முதல் நான்கு இடம் பெற்றவை மட்டும் அரையிறுதிக்குச் சென்றன. இம்மாற்றத்தால் பலர் இடையில் நிற்க நேர்ந்தது உண்மையே. ஆயினும் அவரை நிறுத்தியது களம். ஆகலின் தோற்றவர்க்கு வருத்தம் இருந்திருக்கலாம், முறையிட இடமில்லை.

1994 இல் நிகழ்ந்தது வேறு. லீக்கையும் கிண்ணத்தையும் ஒருங்கே வென்ற சிங்கப்பூர், நுழைவுச்சீட்டு வருமானப் பங்கு பற்றிய பிணக்கினால் அவ்வாண்டோடு விலகிற்று. 2012 இல் லயன்ஸ் டுவெல்வ் என்னும் பெயரில் திரும்பி வந்து, 2013 இல் சூப்பர் லீக்கை வென்று, 2015 இல் உடன்பாடு முடியவே மீண்டும் வெளியேறிற்று. வென்றவரும் நிலைக்கவில்லை எனின், முடிவு செய்தது களம் அன்று என்பது தெளிவு.

நம்மவர் கதையையும் ஈண்டுக் காண்போம். மலேசிய இந்தியக் காற்பந்துச் சங்கத்தின் அணி, கீழ்ப்படியாகிய ஃபாம் லீக்கில் ஆடி, 2017 இல் பிரிமியர் லீக்கிற்கு உயர்ந்தது. அதுவே பெட்டாலிங் ஜெயா சிட்டி எனப் பெயர் மாறி 2019 இல் சூப்பர் லீக்கில் ஆடிற்று. படிகள் இருந்தமையால் ஏற முடிந்தது. 2022 ஆம் ஆண்டுப் பருவத்தோடு அவ்வணி விலகிக்கொண்டது. அடுத்த ஆண்டே பிரிமியர் லீக் என்னும் இரண்டாம் படியை எடுத்துவிட்டு, சூப்பர் லீக்கை 12 அணிகளிலிருந்து 14 ஆக விரித்தனர். மலாக்கா யுனைடெட், சரவாக் யுனைடெட் ஆகிய இரண்டிற்கும் உரிமம் கிட்டவில்லை. மேல்தளத்தை அகலமாக்கி ஏணியின் நடுப்படியைக் கழற்றுவது விரிவாகுமா என்பதே என் வினா.

இந்நோய் நமக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் காற்பந்தில் பசிபிக் கரைக் கூட்டமைப்பு பழம்பெருமை உடையது. 2024 இல் அதன் பன்னிரண்டு உறுப்பினருள் பதின்மர், பெருந்தொலைக்காட்சிப் பணம் உள்ள கூட்டமைப்புகளுக்குப் பெயர்ந்தனர். அதே ஆண்டில் இறுதிச்சுற்றுக்குச் செல்லும் அணிகளை நான்கிலிருந்து பன்னிரண்டாக உயர்த்தினர். ஒருபுறம் வாயில் அகன்றது. மறுபுறம் எஞ்சி நின்ற இருவர் வீடு இழந்தனர். பாரியின் பறம்பை முற்றுகையிட மூவேந்தர் கூடினர் எனப் புறநானூற்றால் அறிகிறோம். வலியோர் கூடிய மாத்திரத்தில் அவர் செய்வது நெறியாகிவிடாது.

'சிறு சங்கங்கள் ஆட்டக்காரர்க்குச் சம்பளம் கொடுக்க முடியாமல் திணறுகின்றன. அவற்றைச் சேர்த்து என்ன பயன்?' என்பர் ஒருசாரார். இக்கூற்றில் உண்மை உண்டு. சம்பளமின்றி ஆடுவோர் துயரத்தைக் காணாதது போல் இருத்தல் அறமன்று. ஆனால் பணக்கணக்கு ஒருவரை நிறுத்திவைக்கக் காரணமாகலாம். அவர் திரும்பி ஏறும் வழியை அடைக்கக் காரணமாகாது. எம் ஜொகூர் அணி 2014 முதல் 2024-25 பருவம் வரை சூப்பர் லீக்கைத் தவறாமல் வென்றது. குளுவாங்கில் இருந்து எழுதும் எனக்கு அதில் பெருமிதம் உண்டு. ஆயின் 2025 இல் பேராக்கும் ஸ்ரீ பகாங்கும் விலகியபோது அப்பெருமிதம் சற்றே குறைந்தது. எதிர்நிற்பார் குறையக் குறைய வெற்றியின் மதிப்பும் குறையும்.

இதனை நான் நூலில் மட்டும் கற்றேனல்லேன். சில ஆண்டுகளுக்குமுன் பள்ளிகளுக்கிடையே எழுவர் காற்பந்துப் போட்டி நடத்துவது பற்றிய கூட்டம் ஒன்றில், மாணவர் குறைந்த தோட்டப் பள்ளிகள் கூடி ஓரணியாக வரட்டும் என்று பெரிய பள்ளிகள் முடிவு செய்தன. நேரம் மிச்சமாகும் என்றனர். நானும் தலையசைத்தேன். எம் பள்ளியில் ஆடக்கூடிய பையன்கள் ஒன்பதின்மர். கூட்டணியில் இடம் பெற்றோர் இருவர். மற்றவருள் ஒருவன், "நாங்கள் தோற்கவே இல்லையே, ஐயா?" என்று கேட்டான். அவனுக்கு விடை சொல்ல என்னால் இயலவில்லை.

திருவள்ளுவர் நடுவுநிலைமைக்குத் துலாக்கோலை உவமை காட்டினார். நிறுக்கப்படும் பொருளே கோலைப் பிடித்தல் ஆகாது. விதி வகுப்போர் அவ்விதியால் ஆதாயம் அடைவோராய் இருத்தல் கூடாது. மாற்றங்களைப் பருவம் தொடங்குமுன் நன்கு அறிவித்தல் வேண்டும். கீழிருந்து ஏறும் படி எஞ்ஞான்றும் இருத்தல் வேண்டும். தேசிய லீக்கை நாம் திருத்த இயலாது. நம் வட்டாரப் பள்ளிப் போட்டிகளின் விதியோ ஆசிரியராகிய நம் கையில் இருக்கிறது. அடுத்த கூட்டத்தில் நான் தலையசைக்கப் போவதில்லை.