நான்கு விநாடிக்கு ஒரு கிளட்ச்

டிராக் ரேஸ் என்றதும் பேச்சு குதிரைத்திறனில்தான் தொடங்கும். டாப் ஃப்யூயல் டிராக்ஸ்டர் எனப்படும் அந்த நீண்ட, ஒல்லியான வண்டியின் என்ஜின் 11,000 குதிரைத்திறனை எட்டும். நின்ற இடத்திலிருந்து கிளம்பி 1,000 அடியை நான்கு விநாடிக்குள் முடித்துவிடும். கோட்டைத் தாண்டும்போது வேகம் மணிக்கு 530 கிலோமீட்டரையும் மிஞ்சும். இந்த எண்களைக் கேட்டு வியந்துவிட்டு நகர்ந்துவிடுகிறவர்களே அதிகம். இந்த வண்டிகளைக் கட்டுகிறவர்களின் கைத்திறன் அதற்குப் பிறகுதான் தெரிய ஆரம்பிக்கிறது. கிளம்பும் நொடியில் அத்தனை சக்தியையும் தரையில் இறக்கக்கூடிய டயர் இன்னும் வரவில்லை. என்ஜினிடம் இருப்பதில் எவ்வளவை, எந்த நொடியில் சக்கரத்துக்கு விடுவது என்பதில்தான் வித்தை முழுவதும் இருக்கிறது. சக்தியைக் கூட்டுவது பாதி வேலை. அதைப் பிடித்து வைத்து அளந்து விடுவது மீதிப் பாதி. கடினமான பாதியும் அதுதான்.

என்ஜினின் பூர்வீகத்தைச் சொல்லிவிடுகிறேன். கிறைஸ்லர் நிறுவனம் 1964-இல் பந்தயத்துக்கென்று கொண்டுவந்த 426 ஹெமிதான் மூலம். இன்றைய என்ஜினில் கிறைஸ்லர் செய்த பாகம் ஒன்றுகூட இல்லை. அடித்து இறுக்கிய அலுமினியக் கட்டியைக் கடைந்து பிளாக் செய்கிறார்கள். கொள்ளளவு 500 கன அங்குலம், அதாவது எட்டு லிட்டருக்குச் சற்று மேல். ஆனால் அமைப்பு அந்தப் பழைய அமைப்புதான்: சிலிண்டருக்கு இரண்டு வால்வு, பிளாக்குக்குள் கேம் ஷாஃப்ட், அதிலிருந்து மேலே போகும் தள்ளுகோல்கள். அதன் தலையில் உட்கார்ந்திருக்கும் சூப்பர்சார்ஜரின் கதை இன்னும் சுவையானது. ஜெனரல் மோட்டார்ஸின் டூ-ஸ்ட்ரோக் டீசல் என்ஜின்களில், புகையை வெளியே தள்ளிப் புதுக்காற்றை உள்ளே அனுப்ப ஊதுகருவி ஒன்று இருக்கும். பஸ்ஸிலும் லாரியிலும் ஓடியவை அவை. ஆறு சிலிண்டர், சிலிண்டருக்கு 71 கன அங்குலம் என்பதால் அந்த என்ஜினுக்கு 6-71 என்று பெயர். பழைய டீசல்களிலிருந்து அந்த ஊதுகருவியைக் கழற்றி வந்து பந்தய என்ஜின் மேல் மாட்டினார்கள் அந்தக் காலத்து இளைஞர்கள். இன்று மாட்டுவது 14-71. பதினான்கு சிலிண்டர் டீசல் என்று ஒன்று அந்த வரிசையில் இருந்ததில்லை. கருவி நீள நீளப் பெயரிலும் எண்ணை நீட்டிக்கொண்டே வந்திருக்கிறார்கள். கோடிக்கணக்கில் செலவழித்து ஓட்டும் வண்டியின் உச்சியில் இன்றும் ஒரு பஸ் என்ஜினின் வம்சாவளி உட்கார்ந்திருப்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி உண்டு.

எரிபொருள் நைட்ரோமீத்தேன். அமெரிக்காவில் இந்தப் பந்தயங்களை நடத்தும் தேசிய ஹாட் ராட் சங்கத்தின் விதிப்படி 90 சதவீதம் வரை கலக்கலாம், மீதி மெத்தனால். ஒரு கிலோ நைட்ரோவை எரித்தால் கிடைக்கும் வெப்பம், பெட்ரோலில் கிடைப்பதில் கால் பங்குதான். ஆனால் ஒரு கிலோ பெட்ரோல் முழுதாக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும், நைட்ரோவுக்கு 1.7 கிலோ போதும். தனக்கு வேண்டிய ஆக்சிஜனில் பெரும்பகுதியைத் தனக்குள்ளேயே வைத்திருக்கிறது அது. ஆகவே அதே அளவு காற்றோடு எட்டு மடங்குக்கு மேல் எரிபொருளை ஊற்றலாம். சக்தி இரண்டு மடங்கைத் தாண்டிவிடும். ஊற்றுகிற அளவே ஆபத்தும்கூட. ஒரு சிலிண்டரில் தீ பற்றாமல் போனால் அதில் திரவம் தேங்கும். திரவத்தை அமுக்க முடியாது. பிஸ்டன் மேலே வரும்போது எது விட்டுக்கொடுக்கும் என்பது அந்தந்த நேரத்து அதிர்ஷ்டம். அதனால்தான் சிலிண்டருக்கு இரண்டு ஸ்பார்க் பிளக், அவற்றுக்கு மின்சாரம் தர இரண்டு மேக்னெட்டோ. பாதித் தூரம் போவதற்குள் அந்தப் பதினாறு பிளக்கின் முனைகளும் பெரும்பாலும் கரைந்து போயிருக்கும். அதற்கு மேல் என்ஜின் தன் சூட்டிலேயே எரிந்துகொண்டு ஓடுகிறது. அப்போது அதை நிறுத்த வேண்டுமானால் எரிபொருளை அடைப்பதைத் தவிர வேறு வழியில்லை.

இப்படிப்பட்ட ஒன்றை எப்படிச் சக்கரத்தோடு இணைப்பது? 1960-களின் படங்களைப் பாருங்கள். கிளம்பிய இடத்திலிருந்து முடிவுக் கோடு வரைக்கும் டயர்கள் வெண்புகை கக்கிக்கொண்டே போகும். கிளட்ச் ஒரேயடியாகப் பிடித்துக்கொள்ளும்; என்ஜினின் மிச்ச சக்தி எங்காவது போயாக வேண்டும்; அது டயர் வழுக்கலாகப் போயிற்று. புகை இல்லாமல் வேகம் இல்லை என்று அன்றைக்குப் பலரும் நம்பியதில் வியப்பில்லை. பிறகு அந்தப் பத்தாண்டின் பிற்பகுதியில் வழுக்கிப் பிடிக்கும் கிளட்ச் வந்தது, டயரும் மேம்பட்டது. புகை அடங்கியது, நேரம் குறைந்தது. வழுக்கலை யாரும் ஒழித்துவிடவில்லை. டயரிலிருந்து எடுத்துக் கிளட்சுக்குள் வைத்தார்கள், அவ்வளவுதான். இந்தப் பந்தயத்தின் வரலாற்றிலேயே மிக அழகான காரியம் இதுதான் என்பேன். ரப்பரும் தார்ச்சாலையும் உரசும் இடம் யார் கைக்கும் அடங்காது. கிளட்ச் ஒரு பெட்டிக்குள் இருக்கிறது. அதைத் திறக்கலாம், அளக்கலாம், மாற்றலாம்.

இன்றைய டாப் ஃப்யூயல் வண்டியில் கியர் மாற்றமே கிடையாது. கியர் செய்ய வேண்டிய வேலையையும் கிளட்ச்தான் செய்கிறது. ஐந்தாறு தட்டுகளும் இடையிடையே எஃகு வளையங்களும் அடுக்கப்பட்டிருக்கும். அவற்றை நெருக்கிப் பிடிப்பவை எடை கட்டிய சிறு நெம்புகோல்கள். அங்கே அவற்றை விரல்கள் என்பார்கள். என்ஜின் வேகமாகச் சுழலச் சுழல விரல்கள் வெளியே வீசப்பட்டு மேலும் நெருக்கும். அவை முழுதாக நெருக்கிவிடாதபடி ஒரு பேரிங் தடுத்து நிற்கும். வண்டி கிளம்பிய பிறகு அந்தப் பேரிங் படிப்படியாகப் பின்வாங்கும்: முதல் அரை விநாடியில் இவ்வளவு, அடுத்த கால் விநாடியில் இவ்வளவு என்று. ஓட்டத்தின் நடுப்பகுதியில் கிளட்ச் முழுதாகப் பூட்டிக்கொள்ளும். அதற்குள் தட்டுகள் உரசிச் சிவக்கச் சூடாகியிருக்கும். சில சமயம் ஒன்றோடொன்று உருகி ஒட்டிய நிலையில் வெளியே வருவதும் உண்டு. நான்கு விநாடி வேலைக்குப் பிறகு அந்த அடுக்கைப் பிரித்தாக வேண்டும். தேய்ந்ததைச் சாணை பிடிக்க வேண்டும், அல்லது தூக்கிப் போட வேண்டும்.

பேரிங் பின்வாங்குவதை ஆணையிடுவது முன்கூட்டியே நேரம் குறித்து வைத்த டைமர்கள். ஓடிக்கொண்டிருக்கும்போது சக்கரம் வழுக்குகிறதா என்று பார்த்துத் தானாகத் திருத்திக்கொள்ளும் மின்னணுச் சாதனம் எதையும் விதி அனுமதிப்பதில்லை. உள்ளே கணினி இருக்கும். அது பதிவு மட்டும்தான் செய்யும். ஆகவே வண்டிக்குக் கண் கிடையாது. தரை எப்படியிருக்கும், காற்று எவ்வளவு கனமாக இருக்கும், டயர் எங்கே தடுமாறும் என்பதையெல்லாம் வண்டி கிளம்பும் முன்பே ஒரு மனிதர் யோசித்து முடித்திருக்க வேண்டும். அவர்தான் குழுத்தலைவர். சக்தி கூடிவிட்டால் டயர் புகைந்து ஓட்டம் அங்கேயே முடிந்துவிடும். குறைந்துவிட்டாலும் தப்ப முடியாது. டயர் தன் மேலேயே மடிந்து மடிந்து அடித்து வண்டியை உலுக்கும். ஓட்டுநருக்குக் கண்ணே தெரியாமல் போகும் அளவுக்கு உலுக்கும். அடக்கத்துக்கும் ஓர் அளவு வேண்டியிருக்கிறது. கச்சேரிக்கு முன் அரங்கத்தின் ஈரத்தையும் சூட்டையும் கணக்கில் வைத்து மிருதங்கத்தின் வார் விளிம்பைக் கல்லால் தட்டிச் சுருதி சேர்க்கிறாரே, அந்த வித்வானின் காதுதான் இவருக்கும் வேண்டும். வித்வான் நடுவில் நிறுத்தி மறுபடி தட்டிக்கொள்ளலாம். இவருக்கு அந்தச் சலுகை இல்லை.

அவர் எதைக் கொண்டு முடிவெடுக்கிறார் என்பதைப் பார்க்க வேண்டுமானால் பார்வையாளர் மேடையை விட்டு இறங்கி, குழுக்கள் வண்டிகளைப் பிரித்துக் கட்டும் பிட்டுக்குப் போக வேண்டும். தேசிய ஹாட் ராட் சங்கத்தின் பந்தயங்களில் டிக்கெட் வாங்கிய எல்லாருக்கும் அங்கே போக அனுமதி உண்டு. இவ்வளவு பெரிய பந்தயம் ஒன்று தன் சமையலறையை இப்படித் திறந்து வைத்திருப்பது பெரிய மனது. ஓடி முடித்த வண்டி இழுத்துவரப்பட்டதும் என்ஜினை ஒரு மணி நேரத்துக்குள் பிரித்து மறுபடி கட்டுவார்கள். இடப்பக்க சிலிண்டர் ஹெட்டுக்கு ஓர் ஆள், வலப்பக்கத்துக்கு ஓர் ஆள், கிளட்சுக்கு ஓர் ஆள். அடிப்பகுதிக்காரர் வண்டியின் கீழே மல்லாந்து படுத்திருப்பார். மேலிருந்து சூடான ஆயில் சொட்டும். ஆயில் பேனைக் கழற்றி, கனெக்டிங் ராடின் பேரிங் ஓடுகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டில் சிலிண்டர் வரிசைப்படி வைப்பார். குழுத்தலைவர் அந்த ஓட்டை விரலால் தடவிப் பார்ப்பார். வழவழப்பாக இருந்தால் சரி. ஓரத்தில் நசுங்கிப் பிதுங்கியிருந்தால் அந்தச் சிலிண்டரில் வெடிப்பு முன்னதாகவே நடந்து ராடைச் சம்மட்டியால் அடித்ததுபோல் அடித்திருக்கிறது என்று பொருள்.

பக்கத்திலேயே பிளக்குகள் வரிசையாக நிற்கும். எல்லாம் ஒரே மாதிரி தேய்ந்திருந்தால் நல்லது. ஒன்றில் மட்டும் முனை உருகியிருந்தால் அங்கே எரிபொருள் போதவில்லை. ஒன்று ஈரமாக இருந்தால் அங்கே தீயே பற்றவில்லை. சூப்பர்சார்ஜர் எட்டுச் சிலிண்டருக்கும் காற்றைச் சமமாகப் பங்கிடாது. அதை ஈடுகட்ட ஒவ்வொரு சிலிண்டருக்கும் எரிபொருள் போகும் துளையின் அளவைத் தனித்தனியாக மாற்றுகிறார்கள். அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு, இரண்டு பங்கு வித்தியாசம். ஹெட்டுக்கு அடியில் போடும் கேஸ்கெட்டின் தடிமனை மாற்றி அமுக்கத்தைக் கூட்டிக் குறைக்கிறார்கள். கிளட்ச் தட்டு எவ்வளவு தேய்ந்தது என்பதை மைக்ரோமீட்டரால் அளந்து, போன ஓட்டத்தில் எவ்வளவு வழுக்கியது என்று சொல்லிவிடுகிறார்கள். அப்புறம் எல்லாம் மாட்டி முடித்ததும் அங்கேயே நின்று ஒருமுறை கிளப்பிப் பார்ப்பார்கள். முதலில் என்ஜினின் காற்று வாயில் கொஞ்சம் பெட்ரோலைப் பீய்ச்சிக் கிளப்புவார்கள். சத்தம் ஒரே சீராக இருக்கும். நைட்ரோ உள்ளே வந்ததும் சத்தம் உடைந்து, ஒவ்வொரு வெடிப்பும் தனித்தனியாக நெஞ்சில் அறையும். புகை கண்ணில் பட்டால் நீர் தானாகக் கொட்டும். ஆனாலும் யாரும் நகர்வதில்லை.

டான் கார்லிட்ஸைப் பற்றிச் சொல்லாமல் இதை எழுத முடியாது. ஃபுளோரிடாக்காரர், தன் வண்டிகளைத் தானே கட்டி, ‘ஸ்வாம்ப் ரேட்’ என்று பெயரிட்டு எண் போட்டுவந்தவர். அன்றைய டிராக்ஸ்டரில் என்ஜின் முன்னால். ஓட்டுநர் பின்சக்கரங்களுக்கும் பின்னால், கால்களுக்கு இடையே டிரான்ஸ்மிஷனை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். 1970 மார்ச் 8 அன்று கலிஃபோர்னியாவின் லயன்ஸ் ஓட்டத்தளத்தில் கிளம்பும்போதே டிரான்ஸ்மிஷன் வெடித்து வண்டியை இரண்டாக வெட்டியது. கார்லிட்ஸின் வலது பாதத்தில் ஒரு பகுதி போயிற்று. படுக்கையிலிருந்தபடியே என்ஜினை ஓட்டுநருக்குப் பின்னால் வைக்கும் வண்டியை யோசிக்கத் தொடங்கினார். அப்படி முயன்றவர்கள் முன்பும் இருந்தார்கள்; அந்த வண்டிகள் நேராகப் போக மறுத்தன. இவர் கட்டியதும் முதலில் மறுத்தது. பின்சக்கரத்துக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவரைக்கும் வால் ஒதுங்குவது ஓட்டுநரின் உடம்பிலேயே தெரியும். முன்னால் வந்ததும் அந்த உணர்வு மங்கிப் போயிற்று. தாமதமாகத் திருத்தி, கூடுதலாகத் திருத்தி, வண்டி இங்குமங்கும் பாய்ந்தது. தீர்வு என்ன தெரியுமா? ஸ்டியரிங்கை மந்தமாக்கினார்கள். கை நிறையத் திருப்பினாலும் சக்கரம் சிறிதே திரும்பும்படி விகிதத்தை மாற்றியதும் வண்டி அம்புபோல் போயிற்று. 1971-இல் பமோனாவில் நடந்த வின்டர்நேஷனல்ஸை ஸ்வாம்ப் ரேட் 14 வென்றது. சில ஆண்டுகளுக்குள் முன்-என்ஜின் வண்டிகள் முதல் வரிசையிலிருந்து மறைந்தன. ஓட்டுநர்களின் கால்களையும் உயிர்களையும் காத்த இந்த மாற்றத்தின் சாவி, ஒரு பாகத்தின் துடிப்பைக் குறைத்ததில் இருந்தது.

அதே வழியில் வந்தவர்தான் டேல் ஆம்ஸ்ட்ராங். ஓட்டுநர் கென்னி பெர்ன்ஸ்டைனின் வண்டிகளுக்குக் குழுத்தலைவர். பதிவுக் கணினியை வண்டியில் ஏற்றியதிலும், படிப்படியாகப் பூட்டும் கிளட்சை வளர்த்தெடுத்ததிலும் அவர் பங்கு பெரிது. 1992 மார்ச் 20 அன்று கெய்ன்ஸ்வில்லில் பெர்ன்ஸ்டைன் மணிக்கு 301.70 மைல் தொட்டு, டாப் ஃப்யூயலில் 300-ஐத் தாண்டிய முதல் ஆளானார். புகழ் ஓட்டுநருக்குப் போயிற்று, அது நியாயம்தான். நான் அந்த எண்ணைப் பார்க்கும்போது கிளட்சைத்தான் நினைக்கிறேன்.

ஓட்டத்தின் நீளத்திலேயே ஒரு கட்டுப்பாடு வந்தது பிறகு. கால் மைல், அதாவது 1,320 அடி என்பது இந்தப் பந்தயத்தின் ஆதி அளவு. 2008 ஜூனில் நியூ ஜெர்சியின் இங்கிலிஷ்டவுனில் ஸ்காட் கலிட்டா என்ற ஓட்டுநர் வண்டியை நிறுத்த முடியாமல் இறந்தார். அடுத்த மாதமே நைட்ரோ வண்டிகளுக்குத் தூரம் 1,000 அடியாகக் குறைந்தது. கால் மைலுக்காக இன்னும் ஏங்குகிறவர்கள் உண்டு. எனக்கு அந்த ஏக்கம் இல்லை. கலை முழுக்க முதல் 300 அடியில் இருக்கிறது. கடைசி 320 அடியில் இருந்தது வேகம் மட்டும்தான்.

அதனால் ஓர் ஓட்டத்தைப் பார்க்கிறவர்களுக்கு நான் சொல்வது: வேகப் பலகையைப் பார்க்காதீர்கள். பச்சை விழும் நேரத்தில் கண் பின்டயரில் இருக்கட்டும். காற்றைக் குறைவாக அடைத்திருப்பார்கள். பக்கச் சுவர் சுருக்கம் சுருக்கமாக மடிந்து தரையைப் பிடித்துக்கொள்வதும், வேகம் ஏற ஏற அதே டயர் நிமிர்ந்து உயர்ந்து ஒல்லியாவதும் தெரியும். வட்டம் பெரிதாவதால் அதுவே ஒரு கியர் மாற்றமாகவும் வேலை செய்கிறது. பிறகு எட்டுக் குழாய்களின் தீயைப் பாருங்கள். ஒன்றில் தீ அணைந்து வெள்ளை ஆவி வந்தால் அந்தச் சிலிண்டர் போயிற்று, வண்டி அந்தப் பக்கம் சாயத் தொடங்கும். தரை 50 டிகிரிக்கு மேல் கொதிக்கும் மத்தியானத்தில் 3.80 விநாடியில் சுத்தமாக ஓடிய வண்டியை, குளிர்ந்த இரவில் 3.65 ஓடிய வண்டியை விட நான் உயர்வாக மதிப்பேன். முன்னதற்குத்தான் அதிகம் விட்டுக்கொடுக்கத் தெரிந்திருக்கிறது. ஓட்டம் முடிந்தால் தோற்றவர்களின் பிட்டுக்குப் போங்கள். அங்கே கூட்டம் குறைவு, பிளக் வரிசையைக் கிட்டத்தில் நின்று பார்க்கலாம்.