கோட்டுக்கு அந்தப் பக்கம் ஸ்ரீவில்லிபுத்தூர்

2015 ஜூனில் மத்திய அரசு அம்ருத் திட்டத்தைத் தொடங்கியபோது வைத்த முக்கிய நிபந்தனை, ஊரில் 1 லட்சம் பேருக்கு மேல் இருக்கணும் என்பது. குடிநீர், பாதாளச் சாக்கடை வேலைகளுக்கான பணம் அது. 2011 கணக்கெடுப்பில் ராஜபாளையம் சுமார் 1.3 லட்சம், ஸ்ரீவில்லிபுத்தூர் சுமார் 75 ஆயிரம். ஒன்று கோட்டுக்கு உள்ளே, மற்றது வெளியே. இடையே தூரம் சுமார் 12 கிலோமீட்டர்!

நிரல் எழுதிப் பிழைக்கிறவன் நான். எங்கேயாவது ஒரு கோடு போட்டுத்தான் ஆகணும்னு தெரியும். ஆனா எதை அளந்து போடுறோம்? கணக்கெடுப்புக்குத் தெரிவது ஒருத்தர் எந்த ஊரில் குடியிருக்கார் என்பதுதான். மாவட்ட நீதிமன்றம் ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கு. வழக்குன்னா மாவட்டமே அங்கே வந்தாகணும். ஆடிப்பூரத் தேருக்கு வர்ற கூட்டத்தைச் சொல்லவே வேண்டாம். இவங்களுக்கும் தண்ணீர், கழிப்பறை, குப்பை எல்லாம் அந்த 75 ஆயிரம் பேரின் நகராட்சி தலையில்தான்.

2021ல் வந்த அம்ருத் 2.0 எல்லா நகராட்சிகளையும் சேர்த்துக்கிச்சு. நல்லது, ஆனா ஆறு வருஷம் போச்சு. அதே 2021ல் நடக்கவேண்டிய கணக்கெடுப்பும் நடக்கலை. 15வது நிதிக்குழு எடுத்துக்கிட்டதும் 2011 மக்கள்தொகையைத்தான்.

ஒரே நெடுஞ்சாலை, ஒரே ரயில் பாதை, மேற்கே ஒரே மலை. திட்ட அறிக்கை மட்டும் ரெண்டு. அரசியலமைப்பின் 74வது திருத்தம் மாவட்டத் திட்டக்குழு ஒன்றைக் கேட்கிறது. தண்ணீர்ப் பங்கீடும் அதன் வேலைகளில் ஒன்று. ரெண்டு ஊர்க் குழாய் வரைபடத்தையும் ஒரே மேஜையில் விரிச்சுவைக்க அதுக்கு மேல் புதுச் சட்டம் எதுவும் வேண்டாம்.