‘நியாயமான மனிதன்’ என்னும் கதைமாந்தன்: நானாவதி தீர்ப்பும் நல்லதங்காள் கதையும்

இந்தியத் தண்டனைச் சட்டத்தின் (1860) 300ஆம் பிரிவு கொலையை வரையறுக்கிறது. கடுமையானதும் திடீரென நேர்ந்ததுமான சினமூட்டலால் தன்னடக்கம் இழந்த ஒருவர் செய்யும் உயிர்ப்பறிப்பு கொலையாகாது என்பது அதன் முதல் விதிவிலக்கு. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 101ஆம் பிரிவிலும் இவ்விதிவிலக்கு தொடர்கிறது. ஆயின், ‘நியாயமான மனிதன்’ என்னும் தொடர் இவ்விதிவிலக்கின் வாசகத்தில் எங்கும் இல்லை. ஆங்கிலேயத் தீர்ப்புகளின் வழியே இந்திய நீதிமன்றத்திற்குள் வந்த கதைமாந்தன் அவன். அவனுக்குப் பெயரில்லை, ஊரில்லை. பால் மட்டும் உண்டு. தமிழில் ‘மனிதர்’ என்று மாற்றி எழுதினால் அதனையும் மறைத்துவிடலாம். ஆனால் மறைவது ஈறு மட்டுமே.

இக்கதைமாந்தனுக்கு இந்தியச் சூழலில் உருவம் தந்தது நானாவதி வழக்கு. கடற்படை அதிகாரி கே. எம். நானாவதி, தம் மனைவியுடன் உறவு கொண்டிருந்த பிரேம் அகுஜாவை 1959 ஏப்ரல் 27 அன்று பம்பாயில் சுட்டுக் கொன்றார். ஜூரியினர் எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் அவரைக் குற்றமற்றவர் என்றனர். அம்முடிவை ஏற்காத அமர்வு நீதிபதி வழக்கை உயர் நீதிமன்றத்திற்கு அனுப்ப, அது அவரைக் கொலைக் குற்றவாளியெனக் கண்டது. உச்ச நீதிமன்றம் 1961 நவம்பர் 24 அன்று அதனை உறுதிசெய்தது.

நீதிபதி கே. சுப்பாராவ் எழுதிய அத்தீர்ப்பு, குற்றஞ்சாட்டப்பட்டவரின் அதே சமூக வகுப்பைச் சேர்ந்த நியாயமான மனிதன் அச்சூழலில் தன்னடக்கம் இழந்திருப்பானா என்பதையே அளவுகோலாக வைக்கிறது. வழக்கம், மரபு, உணர்வுப் பின்னணி ஆகியவற்றைக் கருத வேண்டும் என்கிறது. இது பரிவுடைய நிலைப்பாடு என்பதில் ஐயமில்லை. இலண்டன் மாநகரத்தானை அளவாகக் கொண்டு பழங்குடி உழவரை அளப்பது நீதியாகாது. எனினும், இந்நாட்டில் நாகரிகத்தின் மிகத் தாழ்ந்த நிலை முதல் மிக உயர்ந்த நிலை வரையிலான சமூகக் குழுக்கள் உள்ளன என்னும் கருத்தையும் அதே பகுதி சொல்லிச் செல்கிறது. இங்கே ‘வேறுபாடு’ என்பது ‘படிநிலை’யாக மாறிவிடுகிறது. ஏணியின் எப்படியில் எவர் நிற்கிறார் என்று குறிப்பவர், தாம் நிற்கும் படியைக் குறிப்பதில்லை. கீழ்ப்படியில் வைக்கப்பட்டவருக்கு எளிதில் சினம் வரும் என்று தண்டனையைக் குறைப்பதும் அவரை இழிவுபடுத்துவதே. அளவுகோலைப் பன்மையாக்கிய தீர்ப்பு, அதனைப் பிடித்திருக்கும் கையை ஆராயாமல் விட்டது எனலாம்.

நானாவதி தோற்றது வகுப்பினால் அன்று, கால அளவினால். மனைவி உண்மையைச் சொன்னபின் அவர் குடும்பத்தாரைத் திரையரங்கில் விட்டு, கப்பலுக்குச் சென்று துப்பாக்கியும் ஆறு தோட்டாக்களும் பெற்று, அகுஜாவைத் தேடிச் சென்றார். இடைப்பட்ட ஏறத்தாழ மூன்று மணி நேரம் சினம் தணியப் போதுமானது என நீதிமன்றம் கருதியது. இவ்வழக்கைப் பொறுத்தவரை அம்முடிவு சரியே. ஆனால் ‘திடீர்’ என்னும் அக்கடிகாரம், கையில் வலிமையும் ஆயுதமும் உடையவரின் சினத்திற்கே பொருந்துவது. பல்லாண்டு அடிபட்ட பெண்ணின் துயரம் தணிவதில்லை, சேர்கிறது.

இவ்விடத்தில்தான் தமிழ்க் கதைப்பாடல் ஒன்று குற்றவியல் சட்டத்திற்குள் நுழைகிறது. கணவனின் கொடுமை தாளாது குழந்தைகளுடன் கிணற்றில் குதித்த பெண்ணின் வழக்கில், 1989இல் சென்னை உயர் நீதிமன்றம் ‘நல்லதங்காள் நோய்க்குறி’ என்னும் சொல்லை ஆண்டது. ‘நீடித்த சினமூட்டல்’ என்னும் கருத்தையும் முன்வைத்தது. சட்டத்தின் கடிகாரத்தை நிறுத்திய துணிவு அது.

எனினும் பெயரிடலில் ஒரு சறுக்கல் உள்ளது. மனைவியின் உறவறிந்து சினந்தவனுக்குச் சட்டம் ‘நியாயமான மனிதன்’ என்னும் ஒப்பீட்டை வழங்குகிறது. வதைபட்டவளுக்கோ நோயின் பெயரை வழங்குகிறது. அவன் தேர்வில் தோற்கலாம், ஆனால் தேர்வெழுத அழைக்கப்படுகிறான். அவள் அழைக்கப்படுவதே இல்லை. கதைப்பாடலைக் கேட்ட மக்கள் நல்லதங்காளை நோயாளியாகக் கண்டதில்லை. பஞ்சத்தில் அண்ணன் வீடு தேடி வந்தவளுக்குச் சோறு மறுத்த மூளி அலங்காரியின் மீதே அவர்களின் தீர்ப்பு சென்றது. நல்லதங்காள் வழிபடவும் பெற்றாள்.

கதைப்பாடல் சட்டத்திற்கு விட்டுச்செல்லும் சிக்கல் இன்னொன்று. முதல் விதிவிலக்கு, சினமூட்டியவரின் இறப்பையும், தவறுதலாகவோ தற்செயலாகவோ நேரும் பிறர் இறப்பையுமே தழுவும். கிணற்றில் இறந்த குழந்தைகள் எவரையும் சினமூட்டியவர் அல்லர். அவர்கள் தவறுதலாக இறக்கவுமில்லை. நல்லதங்காள்பால் இரக்கம் கொண்ட பாடலும் இதனை மறக்கவில்லை. ஏழு பிள்ளைகளுள் மூத்தவன் தன்னை விட்டுவிடுமாறு தாயிடம் மன்றாடும் பகுதியில், கேட்போர் தாய்க்கும் மகனுக்குமாக ஒருசேர அழுதனர்.