மூன்றாவது துண்டு

சப்நாட்டிகா என்கிற கடலடி விளையாட்டில் பிடித்த இடம் எது என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். சிலருக்கு லாஸ்ட் ரிவரின் பச்சை மூட்டம், சிலருக்கு உடைந்து கிடக்கும் அரோரா கப்பலின் எரிந்த வயிறு. எனக்கு ஸ்கேனரைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நிற்கிற சில நொடிகள். செம்புல் மேட்டில், மணலில் பாதி புதைந்து சீமோத் நீர்மூழ்கியின் துண்டு ஒன்று கிடக்கிறது. சாண்ட் ஷார்க் ஒன்று மண்ணைக் கிளப்பியபடி சுற்றுகிறது. ஸ்கேனரின் ஒளி உடைந்த கண்ணாடிக் கூட்டின்மீது மெதுவாக ஊர்கிறது. மூச்சு முப்பது நொடிக்கு இருக்கிறது, மேலே போகவே இருபது வேண்டும். விட்டுவிட்டுப் போய் இன்னொரு முறை வரலாம். நான் ஒரு தடவைகூடப் போனதில்லை. நீங்களும் போயிருக்க மாட்டீர்கள்.

2018 ஜனவரியில் முழுப் பதிப்பு வந்ததிலிருந்து நான்கு தடவை முடித்துவிட்டேன். கதை மனப்பாடம். கடைசியில் ராக்கெட் ஏறுவதில் இப்போது பெரிய பரவசம் இல்லை. ஆனால் அந்தச் சில நொடிகளின் படபடப்பு மட்டும் குறைந்தபாடில்லை. ஏன் என்று யோசித்துப் பார்த்திருக்கிறேன். மற்ற உயிர்பிழைப்பு விளையாட்டுகளில் அறிவுக்கு விலையாக மரத்தையும் கல்லையும் புள்ளிகளையும் கேட்பார்கள். இங்கே மூச்சைக் கேட்கிறார்கள். ஆரம்பத்தில் கையில் இருப்பது 45 நொடி. சாதாரண டேங்க் மாட்டினால் 75. தேடிப் போவது, கண்டுபிடிப்பது, நின்று பார்ப்பது, திரும்பி வருவது எல்லாம் அதற்குள். ஸ்கேனர் செய்ய ஒரு டைட்டானியம், ஒரு பேட்டரி. அந்தப் பேட்டரிக்கு இரண்டு ஆசிட் காளானும் ஒரு செம்புத் தாதும். தெரிந்துகொள்வதற்கான கருவியையே கடலடியில் பொறுக்கித்தான் செய்ய வேண்டியிருக்கிறது.

அதைவிடப் பெரிய விஷயம், துண்டு. ஒரு பொருளின் பெயரும் பயனும் தெரிவதற்கு முன்பே அதன் உடைசலைப் பார்த்துவிடுகிறோம். ஒரு துண்டில் மூக்கு மட்டும் இருக்கும், இன்னொன்றில் பின்பக்கம். சீகிளைடின் செய்முறை தெரிய இரண்டு துண்டை ஸ்கேன் செய்தால் போதும். சீமோத்துக்கு மூன்று. சைக்ளோப்ஸுக்கு உடல், முகப்பு, எஞ்சின் என்று தனித்தனியே மும்மூன்று. ஒன்று கிடைத்தால் ஆசை, இரண்டு கிடைத்தால் நோய். மூன்றாவதுக்காகப் பயமே மறந்து, ஸ்டாக்கர் உலவுகிற கெல்ப் காட்டுக்குள் தலைகீழாக இறங்குவோம். பாதி தெரிந்த நிலையில் நம்மை இத்தனை நேரம் வைத்திருக்கத் துணிந்த விளையாட்டு வேறு எது?

புதுச்சேரியை ஒட்டிய எங்கள் பிள்ளைச்சாவடிக் கரையில் வளர்ந்தவனுக்கு இந்தக் கணக்கு புதிதில்லை. வலை கடலடிப் பாறையில், எங்கள் பேச்சில் பாரில், சிக்கிக்கொண்டால் தாத்தா முங்குவார். முதல் முங்கலில் வலையைத் தொடவே மாட்டார். எந்தப் பக்கம் மாட்டியிருக்கிறது என்று பார்த்துவிட்டு மேலே வந்து, படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு ஒரு வார்த்தை சொல்வார். இரண்டாவது முங்கலில் எவ்வளவு மாட்டியிருக்கிறது என்ற செய்தி வரும். மூன்றாவதில்தான் கத்தியா கையா என்ற முடிவு. ஒரு மூச்சுக்கு ஒரு செய்திதான் மேலே வரும் என்பது அவர் கணக்கு. நான் படகில் உட்கார்ந்து, அவர் வந்து சொல்லும் துணுக்குகளை வைத்து அடியில் இருக்கிற பாரை மனசுக்குள் வரைந்துகொண்டிருப்பேன். என் வாழ்க்கையின் முதல் ஸ்கேனர் அவர்.

அதனால்தான் ஆர்க் எனக்கு ஒட்டவே இல்லை. நல்ல விளையாட்டு, டைனோசர் மேல் ஏறிப் பறப்பது யாருக்குத்தான் பிடிக்காது? ஆனால் நாள் முழுக்கப் பெர்ரி பறித்து லெவல் ஏறினால் எங்ராம் புள்ளி கிடைக்கிறது. அந்தப் புள்ளியைக் கொடுத்து சேணம் செய்யும் அறிவை வாங்கிக்கொள்ளலாம். பெர்ரிக்கும் சேணத்துக்கும் என்ன உறவு? இந்த வழக்கத்தின் வேரைத் தேடினால் 1980இல் பிரான்சிஸ் டிரெஷாம் செய்த சிவிலைசேஷன் பலகை விளையாட்டுக்கும், 1991இல் சிட் மையரின் கணினி விளையாட்டுக்கும் போகும். அங்கே அது மிகப் பொருத்தம். ஆடுகிறவன் ஒரு நாகரிகத்தையே நடத்துகிறான். மட்பாண்டம் முதலில், எழுத்து பிறகு என்று ஆணையிட அவனுக்குக் குடிமக்கள் இருக்கிறார்கள். கரை ஒதுங்கிய ஒற்றை ஆளுக்கு ஆணையிட யார் இருக்கிறார்கள்? அவனிடம் இருப்பது இரண்டு கையும் இரண்டு கண்ணும். அரசனுக்கு வரைந்த தொழில்நுட்ப மரத்தை அப்படியே பிடுங்கி வந்து அவன் தலைமாட்டில் நட்டுவிட்டார்கள். முதல் நாளே அந்த மரத்தைத் திறந்து பார்த்தால் கடைசியில் கிடைக்கப்போகிற துப்பாக்கிவரை படம் போட்டு வைத்திருக்கிறார்கள். பிறகு எதைத் தேடுவது?

ரஸ்ட் என்ற விளையாட்டின் ரசிகர் ஒருவரோடு எனக்குப் பல வருட வாக்குவாதம் உண்டு. கல்லூரி விடுதியில் தொடங்கியது, இன்னும் முடியவில்லை. சப்நாட்டிகாவில் மூன்பூல் துண்டு தேடி ஒரு ராத்திரி முழுக்க வீணாய்ப் போனதை அவர் மன்னிக்கவே இல்லை. "அதிர்ஷ்டத்துக்குப் பேரு ஆராய்ச்சியாடா?" என்பார். ஒரு இடத்தில் மட்டும் அவருக்கு விட்டுக்கொடுப்பேன். ரஸ்டின் ஆராய்ச்சி மேசையில், பொருளையும் ஸ்க்ராப்பையும் சேர்த்து வைத்தால் வரைபடம் கிடைக்கும், பொருள் அழிந்துவிடும். உயிரைக் கொடுத்துப் பிடுங்கிவந்த ஒரே துப்பாக்கியை இன்று ராத்திரி சுட வைத்துக்கொள்வதா, செய்முறை தெரிந்துகொள்ள எரித்துவிடுவதா? சுவருக்கு வெளியே காலடிச் சத்தம் கேட்கும்போது எடுக்க வேண்டிய முடிவு. அதில் மூச்சின் விலை இருக்கிறது என்று ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 2020இல் ரஸ்டைச் செய்தவர்களும் ஒர்க்பெஞ்சுக்குள் ஒரு மரத்தைக் கொண்டுவந்தார்கள். ஸ்க்ராப் சேர்த்தால் போதும், கிளை கிளையாக வாங்கிக்கொள்ளலாம். நண்பருக்கு வசதியாகப் போய்விட்டது. எனக்கு அந்த மேசையின் துக்கம் தீரவில்லை.

மைன்கிராஃப்டுக்கு 2017இல் செய்முறைப் புத்தகம் வந்தபோதும் இப்படித்தான் ஒரு வருத்தம். அதற்கு முன்னால் எங்கள் விடுதியில் ஒரு நாற்பது பக்க நோட்டு இருந்தது. மூன்றுக்கு மூன்று கட்டம் கட்டமாகப் பென்சிலில் போட்டு, எந்தக் கட்டத்தில் எது என்று யார் எதைக் கண்டுபிடித்தாலும் எழுதிவைப்போம். பிஸ்டனைக் கண்டுபிடித்தவன் ஒரு வாரம் தலைவனாக நடந்தான். தப்பான கட்டங்களும் அதில் இருந்தன, அடித்து எழுதியவை, அடித்ததை மறுபடி சரி என்று எழுதியவை. அந்த நோட்டு எங்கே போனதோ.

டோன்ட் ஸ்டார்வ் பற்றி ஒரே ஒரு சங்கதி சொல்லிவிடுகிறேன். சயின்ஸ் மெஷின் பக்கத்தில் நின்று புதிய பொருள் ஒன்றை முதன்முறை செய்தால் மனநலம் 15 ஏறும். இருட்டில் பித்துப் பிடிக்கும் நிலையில் இருக்கிறவனை, புதிதாக ஒன்றைத் தெரிந்துகொண்ட திருப்தியே கொஞ்சம் தேற்றுகிறது. எவ்வளவு அழகான எண் அது! வால்ஹைமிலும் அழகு உண்டு. ஐக்தீர் என்ற மிருகத்தை வீழ்த்தி அதன் கொம்பை எடுத்தால்தான் பிக்காக்ஸ் செய்யவே தெரியவரும். செம்பையும் தகரத்தையும் கையில் எடுத்த பிறகுதான் வெண்கலம் நினைவில் உதிக்கும். பொருளைத் தொட்டால்தான் அறிவு வரும் என்கிற கொள்கை எனக்கு உவப்பானது. விண்டேஜ் ஸ்டோரி இன்னும் ஒரு படி மேலே போய், கல்லைச் சில்லுச் சில்லாகத் தட்டிக் கத்தியாக்க வைக்கிறது, களிமண்ணைக் கட்டம் கட்டமாக வைத்துப் பானை வனைய வைக்கிறது. கை வலிக்கும் என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். வலிக்கட்டுமே.

துண்டைப் பார்த்து முழுசைப் பிடிக்கிற வேலை எங்கள் ஊர்ப்பக்கம் நிஜமாகவே நடந்திருக்கிறது. அரிக்கமேட்டு ஆற்றங்கரையில் சிறுவர்கள் பொறுக்கிய மணிகளும் கற்களும் 1937இல் பிரெஞ்சு அறிஞர் ழுவோ துப்ரேய் கைக்கு வந்தன. 1945இல் மார்ட்டிமர் வீலர் தோண்டியபோது கிடைத்த இத்தாலிய அரெட்டைன் ஓடுகளை வைத்துத்தான், கூடவே கிடந்த உள்ளூர்ப் பானைகளுக்குக் காலம் குறித்தார். காலம் தெரிந்த ஒரு துண்டு, தெரியாத நூறு துண்டுக்குச் சாவி. கண்ணாடி மணிகளின் கதை இன்னும் ருசி. கடுகளவு மணி, அதை எப்படிச் செய்தார்கள்? உருகிய கண்ணாடியை நீளக் குழலாக இழுத்து, துண்டு துண்டாக நறுக்கி, திரும்பச் சூடேற்றி முனை மழுக்குவது. உடைந்த குழல்களும் கழிவுகளும் பாதி சொல்லின. மீதியை ஆந்திராவின் பாப்பாநாயுடுபேட்டையில் இன்னமும் அதே வகையில் மணி இழுத்துக்கொண்டிருந்தவர்களின் கைகள் சொல்லின. அரிக்கமேட்டு மண்ணில் ஒரு சிவப்பு மணியை உள்ளங்கையில் வைத்துப் பார்த்த சிறுவயது நாளில் எனக்கு ஸ்கேனர் என்ற வார்த்தை தெரியாது. ஆனால் துளையின் விளிம்பு ஏன் இவ்வளவு வழவழப்பாக இருக்கிறது என்று கேட்கத் தோன்றியது.

துண்டை வைத்து முழுசைப் பிடிக்கிற இந்த வித்தையைத் தமிழிலேயே செய்து காட்டியது வெண்பா என்ற விளையாட்டு. டொராண்டோவின் விசை கேம்ஸ் 2023இல் வெளியிட்டது. அது உயிர்பிழைப்பு விளையாட்டு ஆகாது என்பார்கள். 1980களில் கனடாவுக்குப் போய், குளிரில் ஒரு வீட்டுக்குள் தன் மொழியையும் நாக்கின் ருசியையும் காப்பாற்றிக்கொள்ளப் பார்க்கிற ஒருத்தியின் கதையை வேறு என்ன பெயரில் அழைப்பது? அம்மாவின் சமையல் குறிப்பேடு கிழிந்தும் கறை படிந்தும் கிடக்கிறது. இட்லித் தட்டை எப்படி அடுக்குவது, புட்டுக்குழலில் எது முதலில், பிரியாணியில் எந்த அடுக்கு கீழே என்பதில் ஒரு வரி இருக்கும், அடுத்த வரி இருக்காது. அந்த விட்டுப்போன வரிக்குள் நம் வீட்டு அடுக்களையை நாமே கொண்டுபோய் நிரப்புகிறோம். என் அக்கா அதை ஆடியபோது குறிப்பைப் பார்க்கவே இல்லை, ஆவி எப்படி ஏறும் என்று யோசித்தே தட்டை அடுக்கினாள். உலகத்தின் மிகச் சிறிய, மிகச் சரியான தொழில்நுட்ப மரம் அந்தக் கறை படிந்த ஏடு.

சப்நாட்டிகாவிலும் எனக்குக் குறை உண்டு. டேட்டா பாக்ஸ். உடைந்த கப்பலுக்குள் ஒரு பெட்டி, திறந்தால் முழுச் செய்முறை. துண்டும் இல்லை, பாதி அறிவும் இல்லை. அதிலும் திசைகாட்டியைப் பெட்டிக்குள் வைத்ததை என்னால் ஏற்கவே முடியவில்லை. வரைபடமே தராமல் கடலில் இறக்கிவிட்ட விளையாட்டு அது. அரோரா எந்தப் பக்கம் தெரிகிறது, மிதக்கும் தீவின் மேகம் எங்கே என்று பார்த்துப் பார்த்துத்தான் அதுவரை வழி பிடித்திருப்போம். அந்தப் படிப்பு முற்றுகிற நேரத்தில் பெட்டி வந்து முடித்துவைக்கிறது. எங்கள் ஊர் மீனவர்களும் அப்படித்தான் இடம் பிடிப்பார்கள். கரையில் ஒரு தென்னையும் அதற்குப் பின்னால் ஒரு தண்ணீர்த் தொட்டியும் ஒரே கோட்டில் வந்தால் இந்தப் பார், இன்னொரு ஜோடி சேர்ந்தால் அந்தப் பார். வன்னி, தெண்டி என்று நீரோட்டத்தின் பெயரைச் சொல்லி வலையை இறக்குகிறவர்களுக்கு அந்தத் தென்னை ஒரு எழுத்து. மணல் வரத்துக் குறைந்து கடல் உள்ளே வந்தபோது பிள்ளைச்சாவடிக் கரையில் முதலில் போனவற்றில் தென்னைகளும் உண்டு. இன்று ஜிபிஎஸ் இருக்கிறது, பொடியன்களுக்கு எண்ணே போதும். தென்னைக் கணக்கைச் சொல்லக்கூடிய பெரியவர்கள் குறைந்துவிட்டார்கள். கேட்டாலும், மரம் இல்லாத கரையைக் காட்டித்தான் அவர்கள் சொல்ல வேண்டியிருக்கிறது.

சப்நாட்டிகாவின் தொடர்ச்சியாக 2021இல் வந்த பிலோ ஸீரோவை ஆசையோடு தொடங்கினேன். துண்டுகள் அங்கேயும் உண்டு. ஆனால் நாயகி ராபின் பேசுகிறாள், அவள் தலைக்குள் வேற்றுக்கிரகவாசி ஆலன் பேசுகிறான். தனியாக முங்கி ஒன்றைப் பார்த்து, ஒரு வார்த்தையும் சொல்லாமல் மேலே வரும் அந்தச் சுகம் குறைந்துபோனது. புதிதாக வருகிற உயிர்பிழைப்பு விளையாட்டுகளில் பலவற்றில் கிடக்கிற பொருளுக்கு மேலே தூரத்திலிருந்தே குறி மின்னுகிறது, எத்தனை மீட்டர் என்ற எண்ணோடு. ஆராய்ச்சி என்றால் ஒரு பட்டை நிரம்பும்வரை காத்திருப்பது. காத்திருக்கிற நேரத்தில் போனை எடுத்துப் பார்க்கலாம். சீமோத் துண்டின் முன்னால் நிற்கும்போது யாராவது போனை எடுத்திருப்பார்களா?

போன பொங்கல் விடுமுறையில் அக்கா மகன் வந்திருந்தான். பத்து வயது. இந்த வெறிகளைப் பற்றி எதுவும் சொல்லாமல் சப்நாட்டிகாவைப் போட்டுக் கொடுத்துவிட்டுப் பின்னால் உட்கார்ந்தேன். முதல் நாள் முழுக்க பீப்பர் மீனை ஸ்கேன் செய்து அதன் குறிப்பைச் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தான். இரண்டாம் நாள் ஒரு சீகிளைடுத் துண்டு, பிறகு இன்னொன்று. தெரிந்த துண்டையே திரும்ப ஸ்கேன் செய்தால் 2 டைட்டானியம் கிடைக்கும் என்பதை அவனே கண்டுபிடித்து, அதை எனக்கு ஒரு ரகசியம்போலச் சொன்னான். மூன்றாம் நாள் சாயங்காலம் செம்புல் மேட்டில் இரண்டாவது சீமோத் துண்டு. மூச்சு எச்சரிக்கை வந்துவிட்டது. அவன் தன் மூச்சையும் சேர்த்து அடக்கிக்கொண்டு நின்றான். ஒளி ஊர்ந்து முடிந்தது. மேலே வந்து, தண்ணீர் சொட்டும் திரையைப் பார்த்துக்கொண்டே பெரிதாக மூச்சு விட்டான். கீழே இடதுபக்கமாக, கப்பல் உடைசலின் நிழலில் மூன்றாவது இருப்பது எனக்குத் தெரியும். அக்கா சாப்பிடக் கூப்பிட்டாள். அவன் எழுந்திருக்கவில்லை. திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னான்:

"மாமா, இன்னும் ஒண்ணுதான். எங்க இருக்குன்னு மட்டும் சொல்லிடாத."