கவர்மெண்ட் துப்பாக்கி

ராஜபாளையத்தில் நாலு பெரியவர்கள் கூடி வேட்டைப் பேச்சு எடுத்தால் சேத்தூர், சிவகிரி ஜமீன் கதைகள்தான் முதலில் வரும். அடுத்து, யாராவது ஒருவர் தன் தாத்தா மதராஸ் பி. ஆர் அண்டு சன்ஸ் கடையில் வாங்கிய இங்கிலீஷ் ரெட்டைக்குழலை வருணிக்கத் தொடங்குவார். வெப்ளி, கிரீனர் என்று பெயர்கள் விழும். பக்கத் தகட்டில் செதுக்கிய கொடி, எண்ணெய் குடித்து மினுங்கும் வால்நட் கட்டை, கதவு சாத்துவதுபோல் 'டப்'பென்று மூடும் அந்த ஓசை எல்லாம் வரிசையாக வரும். கேட்டுக்கொண்டிருப்பவரிடம், "உங்க வீட்ல என்ன இருக்கு அண்ணாச்சி?" என்று திரும்பினால் குரல் இறங்கிவிடும். "நம்மகிட்ட இருக்கது சும்மா, கவர்மெண்ட் துப்பாக்கி."

அந்தச் 'சும்மா'வோடுதான் எனக்குத் தகராறு.

கவர்மெண்ட் துப்பாக்கி என்றால் ஆர்டினன்ஸ் ஃபேக்டரியில் செய்தது. அதிலும் பேர்பெற்றது, கல்கத்தாவுக்கு வடக்கே ஹூக்ளி கரையில் இருக்கும் இச்சாப்பூர் ரைஃபிள் ஃபேக்டரி. கிழக்கிந்தியக் கம்பெனி வெடிமருந்து செய்த இடம் அது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரைஃபிள் ஆலையாயிற்று. நம் காவல் நிலையங்களில் மூன்று தலைமுறை பார்த்த த்ரீ நாட் த்ரீ அங்கே செய்ததுதான். லைசென்ஸ்காரர்கள் கைக்கு வரும் .315 ஸ்போர்ட்டிங் ரைஃபிள் அதன் தம்பி. இரண்டுக்கும் வயிற்றுக்குள் இருப்பது ஒரே இயந்திரம்: ஸ்காட்லாந்தில் பிறந்து அமெரிக்காவில் வேலை பார்த்த ஜேம்ஸ் பாரிஸ் லீ வகுத்த போல்ட்.

ரசிக்கத் தெரிந்தவன் இந்த போல்ட்டில் கை வைத்துப் பார்க்க வேண்டும். ஜெர்மன் மவுசர் ரைஃபிளில் கைப்பிடியைக் கால் வட்டம் தூக்க வேண்டும். லீயில் அதைவிடக் குறைவாகத் தூக்கினாலே திறந்துவிடும். போல்ட்டைப் பூட்டும் காதுகள் அதன் பின்பாதியில் இருப்பதால் இழுக்கும் தூரமும் குறைவு. மவுசரில் திறக்கும்போதே சுடும் ஊசியின் ஸ்பிரிங்கும் இறுகுகிறது. லீயில் திறக்கிற பலம் முழுவதும் காலித் தோட்டாவைக் கழற்றி எறிவதற்கு மட்டும் போகிறது. ஸ்பிரிங் இறுகுவது மூடும்போது. கையின் இயல்பான வேகத்தை இரண்டாகப் பிரித்து இரண்டு வேலை வாங்கும் இந்தக் கணக்கு சாதாரணமானதல்ல. முதல் உலகப் போருக்கு முந்தைய பிரிட்டிஷ் சிப்பாய்க்கு நிமிடத்துக்குப் பதினைந்து தோட்டாவைக் குறிபார்த்துச் சுடும் பயிற்சி இருந்தது. அந்த வேகத்துக்குச் சிப்பாயின் கை பாதிக் காரணம் என்றால் மீதி இந்த போல்ட்.

போல்ட்டுக்கு இடம் சற்றுத் தளர்வாகத்தான் விடப்பட்டிருக்கும். புதிதாகப் பார்ப்பவர் அதை ஆட்டிப் பார்த்து, "லொடலொடன்னு இருக்கே" என்று முகம் சுளிப்பார். சேறும் மணலும் புகுந்தாலும் சிக்காமல் ஓடுவதற்கு அந்த இடைவெளி உதவுகிறது. நெருக்கமாக இழைத்த லண்டன் வேலை கண்ணாடி அலமாரியில் அழகு. பதுங்குகுழியில் இந்த லொடலொடப்பு உயிரைக் காத்திருக்கிறது.

இங்கிலாந்தில் வகுத்த வடிவத்தை இச்சாப்பூர் அப்படியே நகல் எடுத்து நிறுத்திக்கொள்ளவில்லை. குழலுக்கு அடியில் வரும் முன்கட்டையின் பின்பகுதியில், மரத்துக்குக் குறுக்காக ஒரு திருகாணி செருகியிருக்கும். நம் ஊர் வெயிலிலும் மழையிலும் மரம் வெடித்துப் பிளக்காமல் இருக்க ஆலைக்காரர்கள் சேர்த்தது. உலகெங்கும் பழைய ரைஃபிள் சேகரிப்பவர்கள் அதை 'இச்சாப்பூர் ஸ்க்ரூ' என்றே அழைக்கிறார்கள். யார் முதலில் யோசித்தார்கள் என்பதற்குப் பெயர் கிடையாது. லண்டன் துப்பாக்கியில் செதுக்கியவர் கையெழுத்தைத் தேடிப் படிக்கும் நாம், இந்தத் திருகாணியை எத்தனை தடவை தடவிவிட்டுக் கவனிக்காமல் போயிருக்கிறோம்!

இன்னொன்றும் சொல்ல வேண்டும். லண்டனில் பெரிய கடைக்குப் போனால் தையற்காரர் மாதிரி உடம்பை அளந்து, கை நீளத்துக்கும் கழுத்துக்கும் ஏற்பக் கட்டை இழைத்துத் தருவார்கள். அந்தச் சலுகை பணக்காரனுக்கு. த்ரீ நாட் த்ரீ என்கிற லீ என்ஃபீல்டில் தோளில் பதியும் பின்கட்டை தனித்துண்டு. அதைப் பல நீளங்களில் செய்து, எஸ், என், எல் என்று எழுத்துக் குத்தி அனுப்பினார்கள். குட்டையான சிப்பாய்க்கு ஒன்று, நெட்டையானவனுக்கு ஒன்று. ஆயிரக்கணக்கில் அச்சடித்ததுபோல் வரும் சாமானிலும் ஒருவனுடைய உடம்பை நினைத்துப் பார்த்திருக்கிறார்கள் என்பது எனக்குச் செதுக்குவேலையைவிட ருசியான சங்கதி.

.315 வந்த கதை தனி. ராணுவத் தோட்டா ஜனங்கள் கைக்குப் போகக் கூடாது, போனாலும் அவர்கள் துப்பாக்கியில் நுழையக் கூடாது என்று வெள்ளைக்கார அரசு நினைத்தது. அதனால் .303 பொதுமக்களுக்கு இல்லை. அந்த இடத்துக்கு வந்தது 8 மில்லிமீட்டர் மான்லிகர் தோட்டா. ஆஸ்திரிய–ஹங்கேரியப் பேரரசின் சிப்பாய்களுக்கென்று செய்தது. பேரரசு 1918-ல் கலைந்தே போயிற்று. அதன் தோட்டா புனே பக்கத்துக் கட்கி ஆலையில் உயிரோடு இருக்கிறது. காவலர்களுக்கும் சிறைக் காவலுக்கும் கொடுத்த .410 மஸ்கட்டிலும் இதே பயம்தான்: .303 ரைஃபிளையே எடுத்துக் குழலைக் குடைந்து, ஒரு தடவைக்கு ஒரு தோட்டா என்று ஆக்கினார்கள். ஆள்பவனின் சந்தேகத்தை இரும்பில் படிக்க வேண்டுமானால் அந்த மஸ்கட்டைப் பார்க்கலாம்.

குறை இல்லையா? நிறைய. விசை கனம், இழுக்கிற இழுப்பில் குறி நகர்ந்துவிடும். மரமும் இரும்பும் சேருமிடத்தில் சில துப்பாக்கிகளில் நகம் புகும். வார்னிஷ் பளபளப்பு பஞ்சாயத்து ஆபீஸ் மேஜையை நினைவூட்டும். லைசென்ஸ்காரர்கள் பட்டியல் போடும் குறைகளில் பாதி நியாயமானது. 1980-களின் நடுவில் வெளிநாட்டுத் துப்பாக்கி இறக்குமதியைப் பொதுமக்களுக்கு நிறுத்தியபின் நிலைமை மோசமாயிற்று. போட்டி இல்லாத கடைக்காரனுக்குத் தராசைத் துடைக்க என்ன அவசரம்? பழைய வெப்ளிக்கும் ஹாலண்டு கம்பெனித் துப்பாக்கிக்கும் பல லட்சம் விலை ஏறியதும் அதனால்தான். இருப்பது குறைவு, வாங்கத் துடிப்பவர் அதிகம். அந்த விலையைப் பார்த்து வேலைப்பாட்டை எடைபோடுகிறவர்களே அதிகம். தவிர, கவர்மெண்ட் துப்பாக்கி மலிவு என்பதே பாதி உண்மை. இறக்குமதியோடு ஒப்பிட்டால் மலிவு. செய்நேர்த்தியோடு ஒப்பிட்டால் சற்று அதிகம்.

அமெரிக்காவில் சாவேஜ் என்று ஒரு கம்பெனி. 1958-ல் நிக்கோலஸ் புரூவர் என்பவர் வகுத்த அவர்களுடைய 110 ரைஃபிளில் குழலை ஒரு நட்டு வைத்து இறுக்கியிருப்பார்கள். பார்க்கக் குழாய் ஃபிட்டிங் மாதிரி இருக்கும், கேலி செய்தார்கள். தோட்டா உட்காரும் இடத்தைத் துல்லியமாக அமைக்க அந்த நட்டு போதும், விலையுயர்ந்த கைவேலை தேவையில்லை என்று போகப்போகத் தெரிந்தது. சாவேஜ் தன் விசையையும் பிற்பாடு மாற்றிக்கொண்டது, மரியாதை வந்தது. அங்கே பக்கத்துக் கடையில் வேறு துப்பாக்கி இருந்ததால் மாற்ற வேண்டியிருந்தது. இங்கே 2016 ஆயுத விதிகள் தனியாருக்குக் கதவைத் திறந்த பிறகுதான் பேச்சே தொடங்கியது. ஆர்டினன்ஸ் ஃபேக்டரி போர்டு 2021-ல் கலைந்து ஏழு கம்பெனிகளாயிற்று. இச்சாப்பூரும், 1966-ல் வந்த நம் திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலையும் கான்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட கம்பெனிக்குள் போயின. பெயர்ப்பலகை மாறியதுபோல் விசையும் மாறுமா, பார்க்கலாம்.

நம் பக்கத்து வேட்டைக்காரர்களில் எல்லாருமே லண்டன் பித்துப் பிடித்தவர்கள் அல்ல. பெங்களூர்க்காரரான கென்னத் ஆண்டர்சன், சேலம், தர்மபுரிக் காடுகளில் ஆட்கொல்லிகளைத் தேடிப் போனபோது அவர் தோளில் இருந்தது .405 வின்செஸ்டர். அமெரிக்க ஆலையில் மொத்தமாகச் செய்த லீவர் ரைஃபிள். ராத்திரி பரண் மீது உட்கார்ந்திருப்பவனுக்குச் செதுக்கிய கொடி எந்த வகையில் ஒத்தாசை?

இதற்கு எதிர்வாதமும் உண்டு. 2008 நவம்பரில் மும்பையில் தானியங்கித் துப்பாக்கிகளோடு வந்தவர்கள் முன் போலீஸ்காரர்கள் பழைய த்ரீ நாட் த்ரீயோடு நின்றதை நாடே பார்த்தது. அது ரைஃபிளின் தோல்வி அல்ல. ஓய்வு கொடுக்க வேண்டியதை ஓய்வு கொடுக்காமல் வைத்திருந்தவர்களின் தோல்வி. 1962 சீனப் போருக்குப் பிறகே அதன் காலம் முடிந்துவிட்டது என்று தெரிந்து, 7.62 தோட்டாவின் அழுத்தத்துக்கு நல்ல எஃகில் அதே வடிவத்தை இச்சாப்பூர் திருத்திச் செய்தது. உத்தரப் பிரதேசப் போலீஸ் 2020 குடியரசு தினத்தில் த்ரீ நாட் த்ரீக்கு அணிவகுப்பு வைத்து விடை கொடுத்தது. நம் பக்கம் இந்த மாதிரி விடை எல்லாம் கிடையாது. ஆயுத பூஜையன்று ஸ்டேஷனில் சந்தனம், குங்குமம் வைத்துப் பூ சாத்துகிறார்கள், அந்த ஒரு நாள்.

போலீஸ் கதை போகட்டும், வீட்டுத் துப்பாக்கிக்கு வருவோம். ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே திருவண்ணாமலை. அக்னித் தலம் அல்ல. சிறு குன்றின் மேல் சீனிவாசப் பெருமாள் நிற்கும் தென் திருப்பதி. புரட்டாசிச் சனிக்கிழமை கூட்டம் கலைந்துவிட்டால், மேற்கே மலைவரை தென்னையும் மாவும்தான். பன்றி இறங்கும் பூமி. அங்கே தோப்பு வைத்திருப்பவர்களில் லைசென்ஸ் உள்ளவர்கள் வீட்டில் .315 அபூர்வம். பெரும்பாலும் பன்னெண்டு போர் ஒற்றைக்குழலோ ரெட்டைக்குழலோதான் இருக்கும். கூடவே கட்கியில் செய்த சக்திமான் தோட்டாப் பெட்டி. 1972 வனவிலங்குச் சட்டத்துக்குப் பின் அந்தத் துப்பாக்கி பெரும்பாலும் தூங்குகிறது. 2025 ஜனவரியில் பன்றிக்கு வந்த அரசாணையும் காப்புக்காட்டிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வனத்துறை சுடலாம் என்கிறதே தவிர, தோப்புக்காரருக்கு அனுமதி தரவில்லை. தேர்தல் வந்தால் ஸ்டேஷனில் ஒப்படைத்து ரசீது வாங்கி வர வேண்டும். ஆகவே இந்தத் துப்பாக்கிகளின் பிழைப்பு சுடுவதல்ல. பல வருஷம் பீரோவில் கிடந்து, எடுத்த அன்று குறை சொல்லாமல் வேலை செய்வது. அதே வேலையை வங்கி வாசலில் ஓய்வுபெற்ற ராணுவக்காரரின் மடியில் இருக்கும் பன்னெண்டு போரும் செய்கிறது.

பழைய இச்சாப்பூர் கைமாறி வருகிறது, வாங்கலாமா என்று லைசென்ஸ் உள்ளவர் யாராவது கேட்டால் சொல்வேன்: வார்னிஷைப் பார்க்காதீர்கள். குழலை வெளிச்சத்துக்குப் பிடித்து உள்வரிகள் கூர்மையாக இருக்கின்றனவா என்று பாருங்கள். போல்ட்டிலும் குழலிலும் அடித்த நம்பர் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். ஒத்திருந்தால் தயங்க வேண்டாம். வார்னிஷைச் சுரண்டி ஆளிவிதை எண்ணெய் தேய்த்து வையுங்கள், உள்ளே இருக்கும் வால்நட் எட்டிப்பார்க்கும். விசையின் கனத்தைக் குறைக்க மட்டும் பட்டறை வைத்திருக்கிற யாரிடமும் கொடுத்துவிட வேண்டாம். அது லைசென்ஸ் பெற்ற ஆர்மரர் கைவேலை. பக்கத்தில் அப்படி ஒருவர் இல்லையென்றால், கனமான விசையோடே பழகிக்கொள்ளலாம். மூன்று தலைமுறைப் போலீஸ்காரர்கள் பழகிக்கொண்டதுதானே.